தூத்துக்குடியில் வீடு பார்க்கிறவர்களுக்கு

தூத்துக்குடிக்கு வேலை மாறி வருகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் வீடு பார்க்கிறார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சாமான் இறக்கியாக வேண்டுமே. மே மாதத் தூத்துக்குடியில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். வெயில் மண்டையைப் பிளக்கும். காலி மனைகளில் மண் வெடித்துக் கிடக்கும். தரகர் காட்டும் புது வீட்டில் பெயின்ட் வாசம்கூடப் போயிருக்காது. இந்த வாசலில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. மழை கொட்டியது. இந்தக் கரையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். தூத்துக்குடி காலனிகள் பலவற்றில் தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆனது. எப்போதோ ஒருமுறை வந்த வெள்ளம் என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. 2021 நவம்பரிலும் இதே தெருக்களில் பலவற்றில் தண்ணீர் நின்றது. ஆகவே இந்த ஊரில் வீடு பார்க்க நான் சொல்லும் கணக்கு இரண்டே கேள்விதான். மழைத்தண்ணீர் எங்கே போகும்? குடிதண்ணீர் எங்கிருந்து வரும்? ஆபீஸ் எவ்வளவு தூரம், மாடுலர் கிச்சன் உண்டா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஊரின் அமைப்பு தெரிந்தால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மேற்கே கரிசல் காட்டில் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கிக் கோரம்பள்ளம் குளத்துக்கு வரும், அங்கிருந்து கடலுக்குப் போகும். நகருக்குள் விழுகிற மழையைப் பக்கிள் ஓடை கொண்டுபோக வேண்டும். நிலமோ தட்டையானது. சரிவு கம்மி. பெருமழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றுவிடுகிறது. முத்தம்மாள் காலனி, ராம் நகர், ரஹ்மத் நகர், ஆதிபராசக்தி நகர், தனசேகரன் நகர் என்று மழைக்காலச் செய்திகளில் வருஷா வருஷம் அடிபடும் பெயர்கள் இருக்கின்றன. பழைய நவம்பர், டிசம்பர் செய்திகளை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படியுங்கள். எந்தத் தரகரும் தராத வரைபடம் அதில் இருக்கிறது. அந்தப் பெயர்களில் எல்லாம் குடியிருக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வடிகால் வேலைகள் நடந்திருக்கின்றன, இன்னும் நடக்கின்றன. அங்கே வீடு எடுத்தால் மாடியில் எடுங்கள், வாடகையைப் பேசிக் குறையுங்கள்.

இனி ஏரியாக்கள். கடற்கரைச் சாலை, பனிமய மாதா பேராலயத்தைச் சுற்றிய தெருக்கள், சிவன் கோயில் பக்கம், கிரேட் காட்டன் ரோடு, இவைதான் பழைய ஊர். மார்க்கெட், ரயில் நிலையம், பழைய பேருந்து நிலையம் எல்லாம் நடந்து போகிற தூரம். வண்டியே இல்லாமல் வாழலாம். ஆனால் கார் வைத்திருப்பவருக்கு நிறுத்த இடம் கிடையாது. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், காற்று வருமா என்று பார்க்க வேண்டும். வந்தாலும் அது உப்புக்காற்று. இந்தப் பக்கத்து வீடு ஒன்றைப் பார்க்கப் போனால் ஜன்னல் கம்பியின் அடிப்பகுதியை விரலால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் உப்பி, உள்ளே துரு ஏடு ஏடாக உரியும். கீல் முனகும் கதவு, பூஞ்சு போன சுவர்ப்பூச்சு இரண்டும் கூடவே இருக்கும். தனியாளுக்கும், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட பெரியவர்களுக்கும் பழைய ஊர்தான் சரி என்பேன்.

நடு ஊருக்குப் பெயர்கள் எல்லாம் துரைமார் பெயர்கள்: டூவிபுரம், மில்லர்புரம், பிரையண்ட் நகர், போல்பேட்டை. கூடவே சிதம்பர நகர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் பெரும்பாலானோர் வந்து சேர்வது இங்கேதான். டியூஷன், பல் டாக்டர், துணி தேய்க்கிற கடை எல்லாம் தெருமுனையிலேயே கிடைத்துவிடும். வாடகையும் அதற்குத் தக்கபடி. இங்கே ஏரியா பெயரைக் கேட்டுத் திருப்தியாகிவிடக் கூடாது. ஒரு தெருவில் மழை நின்ற ஒரு மணி நேரத்தில் தரை தெரியும், இரண்டு தெரு தள்ளி மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருப்பார்கள்.

மேற்கே மூன்றாம் மைல் தாண்டி மடத்தூர், கோரம்பள்ளம், இன்னும் போனால் திருநெல்வேலி சாலையில் புதுக்கோட்டை (தொண்டைமான் புதுக்கோட்டை வேறு, இது வேறு; பார்சல் அனுப்பச் சொல்லும்போது பின்கோடைத் தெளிவாகச் சொல்லுங்கள்). புதிய தூத்துக்குடி இந்தப் பக்கம்தான் வளர்கிறது. கலெக்டர் ஆபீஸ் கோரம்பள்ளத்தில். விமான நிலையம் வாகைகுளத்தில், அதன் புது முனையம் 2025 ஜூலையில் திறந்தது. அடுத்த மாதமே சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தது. அதற்குப் பிறகு மனைவிற்பனைப் பலகைகள் முளைக்கிற வேகத்தைச் சொல்லி மாளாது. தனி வீடு, கார் நிறுத்த இடம், பூச்செடி என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இடம் உண்டு. ஆனால் அவசரத்துக்கு மருந்துக்கடை எங்கே, ராத்திரி ஒன்பதுக்குமேல் பஸ் உண்டா என்று பாருங்கள். லேஅவுட் போடும் முன் அந்த மனை என்னவாக இருந்தது என்று பழைய ஆள் ஒருவரைக் கேளுங்கள். ஓடைப் புறம்போக்கை ஒட்டிய மனை மே மாதத்தில் மிக அழகாக இருக்கும்.

தெற்கே முத்தையாபுரம், ஸ்பிக் நகர், முள்ளக்காடு. துறைமுகம், அனல் மின் நிலையம், உர ஆலை என்று ஷிப்ட் வேலைக்காரர்களின் பக்கம் இது. குவார்ட்டர்ஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர்க் கவலை பாதி குறையும். வெளியே வாடகைக்கு என்றால் இரண்டு விஷயம். துறைமுகச் சாலையில் லாரி ஓயாது, நிலக்கரி கையாளுகிற பக்கமாதலால் காற்று வாக்கைப் பொறுத்துத் தூசியும் வரும். மாலையில் மொட்டை மாடிக்கு ஏறிக் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பாருங்கள், விரல் சொல்லிவிடும். இரண்டாவது, 2023-இல் கோரம்பள்ளம் குளத்துக் கரை உடைந்தபோது அத்திமரப்பட்டி, முத்தையாபுரம் பக்கம்தான் அடி வாங்கியது. இரவு ஷிப்ட் இல்லாதவர் நடு ஊரில் இருந்துகொண்டு வந்து போவதே மேல்.

வடக்கே தாளமுத்து நகர், திரேஸ்புரம் பக்கம் வாடகை குறைவு, அக்கம்பக்கம் நெருக்கம். இங்கே மாநகராட்சி எல்லை முடிந்து மாப்பிள்ளையூரணி ஊராட்சி தொடங்கிவிடுகிறது. வீடு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரி, குடிநீர் இணைப்பு, குப்பை வண்டி எல்லாம் அதைப் பொறுத்து மாறும்.

குடும்பத்தைப் பாளையங்கோட்டையில் வைத்துவிட்டுத் தினமும் ஐம்பது கிலோமீட்டர் வந்து போகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். நாலுவழிச் சாலை, ஒரு மணி நேரம். பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு வருஷம் ஓட்டலாம். அதற்குமேல் என்றால் ஊரும் உங்களுக்குப் பழகாது, வீட்டுக்கும் நீங்கள் விருந்தாளிதான்.

ஏரியா முடிவானபின் வீட்டைச் சோதிப்பது. தரகரிடம் எதையும் கேட்க வேண்டாம். தெருமுனை மளிகைக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு பேச்சுக்கொடுங்கள்.

“மழைக்கு இங்கன தண்ணி நிக்குமா அண்ணாச்சி?”

“நிக்காம எங்க போகும்? நிக்கும்லா. ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்.”

ரெண்டு நாள் என்றால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி பொய் சொல்லவில்லை, பழகிவிட்டார். “தண்ணியா? இங்கனயா?” என்று அவர் சிரித்தால் துணிந்து அட்வான்ஸ் கொடுக்கலாம். கண்ணுக்குத் தெரியும் சாட்சிகளும் உண்டு. காம்பவுண்ட் சுவரில் ஒரே மட்டமாக ஓடும் பழுப்புக் கோடு. தண்ணீர் மோட்டாரைத் தரையில் வைக்காமல் நாலு அடி மேடை கட்டி ஏற்றியிருப்பது. பிளக் பாயின்ட்டுகள் இடுப்பு உயரத்துக்குமேல் இருப்பது. எல்லாவற்றையும்விட முக்கியம், தெருவிலிருந்து வீட்டுக்குள் ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா என்பது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே புது ரோடு போட்டதில் நல்ல வீடுகள் பல பள்ளத்துக்குப் போய்விட்டன. மாடி வீடு தண்ணீருக்குத் தப்பும், கோடையில் வேகும். முதல் மாடியில் இருந்து, மேலே இன்னொரு மாடியும் இருந்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. அப்படி ஒன்று கிடைத்தால் பேரம் பேசி நழுவவிடாதீர்கள்.

அடுத்தது குடிதண்ணீர். கடலோரம் என்பதால் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. ஊருக்குக் குடிக்கத் தாமிரபரணித் தண்ணீர்தான், வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிறது. முதன்முதலில் அதைக் கொண்டுவரப் பாடுபட்ட நகர்மன்றத் தலைவர் குரூஸ் பர்னாந்துக்கு ஊரில் சிலை இருக்கிறது. தண்ணீர் தந்தவருக்குச் சிலை வைத்த ஊர் என்றால் அதன் தாகம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை: நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருகிறது, எந்த நேரத்தில், தரைத்தொட்டி எத்தனை லிட்டர், அதில் எல்லாக் குடித்தனத்துக்கும் பங்கா, வீட்டுக்காரருக்கு மட்டுமா. தரைத்தொட்டி மூடி தெருமட்டத்தில் இருந்தால் வெள்ளத்தின்போது சாக்கடையும் உள்ளே இறங்கும். உப்புத்தண்ணீர் ஓடும் வீட்டில் ஹீட்டரையும் வாஷிங் மெஷினையும் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

வாடகையா, ஒத்தியா என்று இங்கே ஒரு கேள்வி வரும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் லீஸ் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது தொகை திரும்ப வரும். கையில் பணம் இருந்தால் லாபம் போலத்தான் தெரியும். திரும்ப வருமா என்பதுதான் சிக்கல். வீட்டின் பேரில் வங்கிக் கடன் உண்டா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் ஒத்திக்குப் போகாதீர்கள். ஊரே புதிது என்றால் முதல் வருஷம் வாடகைதான். ஒரு ஐப்பசி, கார்த்திகையைக் கடந்தபிறகு ஒத்தியைப் பற்றி யோசிக்கலாம்.

குடியேறியபின் பிழைப்பு எளிது. சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். வெளியூர் பஸ்களுக்குப் புதிய பேருந்து நிலையம், உள்ளூருக்குப் பழையது. முதல் வாரம் எல்லோரும் மாற்றி இறங்குவார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாராவது “நைட் கிளப் போவோமா” என்று கூப்பிட்டால் பதற வேண்டாம், பரோட்டாக் கடையைத்தான் சொல்கிறார்கள். மக்ரூனை ஒரே பேக்கரியில் வாங்கி முடிவுக்கு வராதீர்கள். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை மூன்றும்தான் சரக்கு, ஆனாலும் கடைக்குக் கடை முந்திரி அளவு மாறும்.

மீன் வாங்கத்தான் கொஞ்சம் படிக்க வேண்டும். திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு மீன். ஆழ்கடலில் தங்கிப் பிடிக்கிற படகுகள் சனிக்கிழமை கரை சேர்வதால் அன்றைக்கு ஏலம் களைகட்டும். சீலா, விளைமீன், ஊளி, பாறை எல்லாம் கண்ணெதிரே இறங்கும். ஏலத்தில் நீங்கள் நேரே நுழைய முடியாது. எடுத்தவரிடம் ஓரமாக நின்று கேட்டால் ஒன்றிரண்டு கிலோ தருவார். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் விடிகாலை போய் இரவு திரும்புகின்றன. அங்கே அளவு அதிகம், கூட்டமும் அதிகம். இரண்டும் வேண்டாம் என்றால் தெருவுக்குக் கூடையில் கொண்டுவரும் அக்காவைப் பிடித்துக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அவரே செதில் எடுத்து நறுக்கித் தருவார், நாள்பட்டதை வாடிக்கைக்காரருக்குத் தள்ளமாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே மாதத்தில் வந்து இறங்கி, துறைமுக ஊரில் மீன் இவ்வளவு விலையா என்று மிரள்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

கடற்கரைக் கடைகளில் தூத்துக்குடி முத்து என்று யாராவது நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். இங்கே முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. சங்கு குளிப்பவர்கள்தான் இன்னும் கடலுக்குள் இறங்குகிறார்கள்.

கடைசியாக ஒரு தேதி விவகாரம். பனிமய மாதா திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடியும். அந்தப் பதினொரு நாளும் கடற்கரைச் சாலையில் ராட்டினமும் கடைகளும் சனமுமாக இருக்கும். பார்க்க வேண்டியதுதான், மதம் எதுவானாலும் ஊரே போகும். ஆனால் பழைய ஊரில் வீடு பிடித்திருந்தால் சாமான் லாரியை அந்த நாள்களில் வரச் சொல்லாதீர்கள். பீரோவை இறக்கத் தெருவுக்குள் நுழையவே சாயங்காலம் ஆகிவிடும், டிரைவர் காத்திருப்புக் கூலி கேட்பார்.