சிறு தீயும் பெருந்தீயும்

கோடைக்காலம். ஐரோலிக்குக் கிழக்கே உள்ள மலைச்சரிவில் காய்ந்த புல் பற்றி எரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் அதைப் பார்த்தார்கள். மூத்தவள் உடனே தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் போன் செய்தாள்.

"தீ என்றாலே கெட்டதுதான், அக்கா" என்றாள் இளையவள்.

மூத்தவள் சத்தியமங்கலத்துக்காரி. "எல்லாத் தீயும் அப்படி இல்லை, தங்கச்சி. சோளகர் கதை தெரியுமா?" என்று கேட்டாள்.

சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கே சோளகர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். முன்பு அவர்கள் தை, மாசி மாதங்களில் காட்டில் சிறு தீ வைப்பார்கள். அதன் பெயர் 'தரகு பெங்கி'. சருகுத் தீ என்று பொருள்.

அந்த மாதங்களில் சருகு குறைவு. பனி ஈரமும் இருக்கும். அதனால் தீ உயரே ஏறாது. சருகும் சிறு செடிகளும் கருகும். பெரிய மரங்கள் பிழைக்கும். மழை பெய்ததும் புதுப் புல் முளைக்கும். மான்கள் மேயும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-இல் அந்தக் காடு சரணாலயம் ஆனது. தீ வைப்பது நின்றது. பிறகு உண்ணிச்செடி காடெங்கும் பரவியது. இது ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த முட்செடி. இது அடர்ந்த இடத்தில் புல் வளராது. சிறு தீ நின்றதால்தான் இது பெருகியது என்கிறார்கள் சோளகர்கள்.

"அப்படியானால் இப்போது தீ வைத்தால் போதுமே, அக்கா?"

"போதாது. செடி ஆள் உயரப் புதராகிவிட்டது. அதில் தீப் பிடித்தால் மரத்தின் மேல் ஏறும். எரிந்த செடியும் மறுபடி துளிர்க்கும். முதலில் வேரோடு பிடுங்க வேண்டும். பிறகு முளைக்கும் கன்றுகளையும் விடாமல் எடுக்க வேண்டும்."

2011-இல் சோளகர்களின் வன உரிமை ஏற்கப்பட்டது. காட்டை அறிந்தவர்களைக் கேட்காமல் காட்டைக் காக்க முடியாது.

"இந்த மலையில் நாமும் தீ வைக்கலாமா, அக்கா?"

"கூடாது, தங்கச்சி. காலமும் காற்றும் ஈரமும் பார்த்து, அனுமதியோடு, தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. நாம் அணையாத பீடித் துண்டைக்கூடப் புல்லில் எறியக் கூடாது."

சிந்தித்துச் சொல்லுங்கள்:
1. சோளகர்கள் ஏன் தை, மாசியில் தீ வைத்தார்கள்?
2. உங்கள் ஊரில் காட்டுத் தீ எதனால் வருகிறது?