இ-டி என்னும் விகுதி

எண்ணூரில் ஆங்கிலம் கற்பிக்க வந்திருக்கும் இளம் ஆசிரியருக்கு,

டிக்டேஷன் நோட்டுகளைத் திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘ஜம்ப்ட்’ என்று கேட்ட பிள்ளை, இ-டி போடாமல் ‘டைகர்’ சொல்லின் முதல் எழுத்தைக் கடைசியில் போட்டுவிடும். காதில் விழுந்ததை அது ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது. ‘ஜம்ப்ட்’, ‘பிளேய்ட்’, ‘வான்டட்’ மூன்றும் வாயில் வெவ்வேறாக முடிந்தாலும் எழுத்தில் மூன்றுக்கும் இ-டிதான். அது இறந்தகாலத்தைக் காட்டும் விகுதி. இதைச் சொல்லாமல் இம்போசிஷன் கொடுத்தால் அந்த ஒரு சொல் மட்டும் மனப்பாடமாகும். டெரசினா நூனெஸ், பீட்டர் பிரையன்ட், மிரியம் பிண்ட்மன் மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் முதலில் ஒலிப்படி எழுதி, பிறகு இ-டியைக் கண்டுகொண்டு, வினைச்சொல்லே அல்லாத ‘சாஃப்ட்’டுக்கும் அதை ஒட்டியது தெரியவந்தது. விதியைத் தேடுகிற மனம் அது. இலக்கணம்தான் இன்னும் பிடிபடவில்லை.

தமிழ் எழுதியபடி வாசிக்கும் மொழி, நம் பிள்ளைக்கு இது எப்படிப் புரியும் என்பார்கள். அப்படியா? வீட்டில் ‘வந்துட்டாரு’ என்கிற பிள்ளை நோட்டில் ‘வந்துவிட்டார்’ என்று எழுதுகிறது. வாய் விழுங்கியதை எழுத்து வைத்திருக்கும் என்பது அதற்குப் பழகியதுதான். பகுதி, விகுதி என்று பிரிப்பது நன்னூல் படித்த நமக்குப் புதிதல்ல. ஆங்கில வகுப்புக்குள் நுழைந்ததும் ஏனோ மறந்துபோகிறது. ‘சைன்’ போர்டில் ஒலிக்காத ஜி, எண்ணூர் ஸ்டேஷன் ‘சிக்னல்’லில் ஒலிக்கிறது. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, பொதுவான நான்கு எழுத்துகளுக்குக் கட்டம் போடுங்கள். ஜி ஏன் இருக்கிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

ஃபோனிக்ஸ் முதலில் வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. வேண்டும்; ‘பென்’, ‘பஸ்’ எழுத ஒலி போதும். ஆனால் சொல்லமைப்பைப் பெரிய வகுப்புக்கு ஒத்திப்போடச் சான்று இல்லை. பீட்டர் பவர்ஸ், ஜான் கிர்பி, எலென் டீக்கன் மூவரும் 2010இல் சொல்லமைப்பைக் கற்பிப்பது பற்றிய 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பின்தங்கிய மாணவர்களே கூடுதலாகப் பயன்பெற்றிருந்தார்கள். சிறு வகுப்புகளிலும் பலன் குறையவில்லை. என் கவலை வேறு: ஆர்வக் கோளாறில் கண்ட இடத்தில் சொல்லை வெட்டுவது. காமராஜர் போர்ட் பக்கம் வளரும் பிள்ளைக்கு, ‘எக்ஸ்போர்ட்’டில் இருப்பதும் துறைமுகம்தான் என்று தோன்றும். இலத்தீனில் துறைமுகம் ‘போர்ட்டஸ்’, சுமப்பது ‘போர்ட்டாரே’. எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், ரயில்வே போர்ட்டர் எல்லாம் சுமக்கிற வகையறா. அகராதியில் சொற்பிறப்பைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். போர்ஷன் முடிய வேண்டுமே என்றால், வாராந்தர டிக்டேஷனுக்குச் சிதறிய பத்துச் சொற்களுக்குப் பதில் ஒரே குடும்பத்துச் சொற்களைக் கொடுங்கள்; தனி பீரியட் கேட்க வேண்டியதில்லை.