பூமி இருமடங்கு வேகமாகச் சுழன்றால்?

நாம் ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்திருப்பதாக நினைக்கிறோம். அது முழு உண்மையன்று. பழவேற்காடு ஏரிக்கரையில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் மீனவரும், வகுப்பறைப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் நாமும், மணிக்கு ஏறத்தாழ 1,620 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறோம். பூமி தன் அச்சில் சுழல்வதால் வரும் வேகம் இது. நிலம், நீர், காற்று, படகு எல்லாம் நம்முடன் ஒரே சீராகச் செல்வதால் நமக்கு அது தெரிவதில்லை. படகில் செல்பவனுக்குக் கரை பின்னோக்கி ஓடுவது போலத் தோன்றும் அல்லவா? விண்மீன்கள் மேற்கே செல்வதும் அத்தகைய தோற்றமே என்று ஆரியபட்டர் கி.பி. 499-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார்.

இந்தப் பூமி இப்போதுள்ளதைப் போல இருமடங்கு வேகமாகச் சுழன்றால் என்ன ஆகும்? நமக்கு அருகிலுள்ள பழவேற்காட்டுக் குப்பங்களை மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சிந்தித்துப் பார்ப்போம்.

நாளும் உறக்கமும்

முதலில் நாள் 12 மணி நேரமாகச் சுருங்கும். ஆறு மணி நேரம் பகல், ஆறு மணி நேரம் இரவு. சூரியனைச் சுற்றிவரும் காலம் மாறாது. ஆகவே ஓர் ஆண்டில் ஏறத்தாழ 730 நாள்கள் இருக்கும். காலை மணி அடித்துச் சில பாடங்கள் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்! இதைக் கேட்டு நம்மில் சிலர் மகிழலாம். ஆனால் நம் உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. பசியும் உறக்கமும் ஏறத்தாழ 24 மணி நேர ஒழுங்கில் நடப்பது அதனால்தான். அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்தை 12 மணி நேரத்துக்குத் திருப்பி வைப்பது எளிதன்று.

ஓதமும் பாடும்

கடலில் நீர் ஏறுவதும் வற்றுவதும் பெரும்பாலும் சந்திரனின் ஈர்ப்பால் நிகழ்வன. இப்போது ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. பூமி இருமடங்கு வேகமாகச் சுழன்றால் இது ஆறு மணி நேரத்தைச் சற்றே தாண்டும்.

பழவேற்காட்டில் இது சிறிய செய்தியன்று. ஏரியில் இறால் பிடிக்க அங்குள்ள மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறையை நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகிறார்கள். நல்ல மீன்பிடி இடங்களை ஒருவரே எப்போதும் வைத்துக்கொள்ளாமல், முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. முகத்துவாரத்தின் வழியே நீர் ஏறி இறங்கும் ஓட்டத்தில்தான் இறால் வலைக்கு வருகிறது. ஏற்றமும் வற்றமும் பாதி நேரத்தில் முடிந்துவிட்டால், ஆழம் குறைந்த ஏரியின் உட்பகுதி வரை கடல்நீர் சென்று திரும்பப் போதிய நேரம் இராது. உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு மாறும். அதை நம்பி வாழும் இறாலும் நண்டும் மீனும் மாறும். முறை வைத்துப் பகிர்ந்துகொள்வோரும் தம் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

தராசு சொல்லும் கதை

சுழலும் பொருளில் இருப்பவை வெளியே விலக முனைகின்றன. இதனால் நம் எடை இப்போதே மிகச் சிறிது குறைவாகத்தான் இருக்கிறது. வேகம் இருமடங்கானால் இந்த விளைவு நான்கு மடங்காகும். பழவேற்காட்டில் இப்போது 100 கிலோ காட்டும் இறாலைச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் ஏறத்தாழ 99 கிலோதான் காட்டும். விற்பவருக்கு நட்டமா? இரு தட்டுத் தராசில் நிறுத்தால் பழைய எடையே காட்டும்! ஏனெனில் படிக்கல்லின் எடையும் அதே அளவில் குறைந்திருக்கும். எடை வேறு, நிறை வேறு என்று ஆசிரியை சொல்வதன் பொருள் இதுதான். பூமி 17 மடங்கு வேகமாகச் சுழன்றாலோ, நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு எடையே இராது.

கடலும் காற்றும்

சுழற்சியினால்தான் பூமியின் நடுப்பகுதி பருத்திருக்கிறது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவங்களில் உள்ளதைவிட ஏறத்தாழ 21 கிலோமீட்டர் அதிகம். வேகம் கூடினால் நடுப்பகுதி மேலும் பருக்கும். பாறையைவிட நீர் எளிதில் நகரும். ஆகவே கடல் முதலில் துருவப் பகுதிகளை விட்டு நடுக்கோட்டை நோக்கி வரும். பழவேற்காடு இருப்பது நடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில்தான். கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டும், அதன்மேலுள்ள குப்பங்களும் மூழ்கிவிடும்.

கடற்காற்றும் கரைக்காற்றும் நிலம் பகலில் சூடேறி இரவில் குளிர்வதால் எழுகின்றன. ஆறு மணி நேர வெயிலில் நிலம் இன்றுபோல் சூடேறாது. பாய்மரத்தை நம்பிய காலமாக இருந்தால், படகு கரைசேரக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரே ஓர் ஆதாயம் தெரிகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. அங்கிருந்து கிழக்கு நோக்கி ஏவினால், பூமியின் சுழற்சியே நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. சுழற்சி இருமடங்கானால் இந்த உதவியும் இருமடங்காகும்.

உண்மையில் நடந்தவை

இது வெறும் கற்பனையன்று. பண்டைக் காலத்தில் பூமி இன்றைவிட வேகமாகவே சுழன்றது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பவளங்களின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணிய ஜான் வெல்ஸ் என்ற அறிஞர், அன்று ஓர் ஆண்டில் ஏறத்தாழ 400 நாள்கள் இருந்தன என்று 1963-இல் எழுதினார். அந்த வேகத்தைக் குறைத்தது எது? கடலின் ஓதமே! நீர் ஏறி வற்றும்போது உண்டாகும் உராய்வு பூமிக்குத் தடைக்கட்டை போல இருக்கிறது. நூறாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லி நொடி வீதம் நாள் நீள்கிறது. இறாலை வலைக்குக் கொண்டுவரும் அதே ஓதம் நாளையும் நீட்டுகிறது என்பது வியப்பல்லவா?

சில வேளைகளில் பூமி சற்றே விரைவதும் உண்டு. கைகளை விரித்துச் சுழலும் நடனப்பெண் கைகளை மார்போடு அணைத்துக்கொண்டால் வேகம் கூடும். 2004 டிசம்பர் 26-இல் சுமத்ரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பூமியின் பாறைகள் இடம் மாறியதால், நாள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.68 பங்கு குறைந்திருக்கும் என்று நாசா அறிஞர்கள் கணக்கிட்டனர். அந்தக் குறைவை எவராலும் உணர்ந்திருக்க முடியாது. ஆனால் அதே நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை பழவேற்காட்டுக் கடலோரக் குப்பங்களையும் தாக்கியது. படகும் வலையும் இழந்தவர் பலர்.

பூமியின் சுழற்சி நம் கையில் இல்லை. நம் காலத்தில் அது இருமடங்காகப் போவதும் இல்லை. ஆனால் நீர் ஏறி இறங்கும் முகத்துவாரத்தை மணல் தூர்த்துவிட்டால், பூமி சரியாகச் சுழன்றும் ஓதம் ஏரிக்குள் வராது. அப்போது பாடு முறை வந்தவருக்கும் வலை நிறையாது. அந்த வாயைத் திறந்து வைப்பதும், ஏரியில் குப்பையும் கழிவும் சேராமல் காப்பதும் மனிதரால் ஆகக்கூடியவை. அவற்றை வளர்ந்தபின் செய்வோம் என்று தள்ளிவைக்காமல், இன்றே அறிந்துகொள்வோம் தோழியரே!