பெயர் மறையட்டும், பாடம் மறையலாகாது

காரைதீவிலிருந்து அம்பாறை செல்லும் வீதியில் மாவடிப்பள்ளியைக் கடக்கும் எவருக்கும் 2024 நவம்பர் 26ஆம் திகதி நினைவுக்கு வராமற் போகாது. அன்று நிந்தவூரிலுள்ள அரபுக் கல்லூரியிலிருந்து சம்மாந்துறையிலுள்ள தம் வீடுகளுக்குத் திரும்பிய மாணவர்கள் ஏறி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. மாணவர் அறுவர் மாண்டனர். கல்முனைக் கரையோரம் முழுவதும் அழுதது. முஸ்லிம், இந்து, கத்தோலிக்கர் என்ற பேதம் அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அந்த நாட்களில் நமது பேச்சு எப்படி இருந்தது? யாருடைய பிள்ளை, எந்த வீடு, தாய் எப்படிக் கதறினாள் என்பதே பேச்சு. கைத்தொலைபேசிகளில் படங்கள் ஊர் ஊராகப் பறந்தன. ஆனால், நீர் எவ்வளவு உயர்ந்தால் வீதியை மூடுவது, மூடும் பொறுப்பு யாருடையது, விடுதிப் பிள்ளைகளை வெள்ள நாளில் வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்விகளை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? மூடிவைக்க வேண்டியதைத் திறந்துவிட்டு, திறந்து பேச வேண்டியதை நாம் மூடிவிடுகிறோம். ஒரு குழந்தையின் மரணத்தை ஆராயும்போது எது இரகசியம், எது பொதுச் சொத்து என்பதை இவ்வாரம் குடும்பமாகச் சிந்திப்போம்.

விசாரணைகள் ஒன்றல்ல

நமது நாட்டில் குழந்தையொன்று எதிர்பாராது இறந்தால், திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ மரணத்தின் காரணத்தைத் தேடுவார். குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் பொலிசாரும் நீதிமன்றமும் குற்றவாளியைத் தேடுவர். மூன்றாவது ஒன்றும் உண்டு. அதுதான் சுகாதாரத் துறையினர் நடத்தும் மரண மீளாய்வு. “இது எப்படி நேர்ந்தது? இனி நேராதிருக்க என்ன செய்யலாம்?” என்பதே அங்கு கேள்வி. தாய் மரணங்களும் சிசு மரணங்களும் இம்முறையில் ஆராயப்படுகின்றன.

இந்த மூன்றாவதில் இரகசியம் அவசியம். “நான் அந்த வீட்டுக்குப் போகப் பிந்திவிட்டேன்” என்று ஒரு குடும்பநல உத்தியோகத்தர் சொல்ல வேண்டும். “இரவில் வைத்தியரை எழுப்பத் தயங்கினேன்” என்று ஒரு தாதி சொல்ல வேண்டும். அந்தச் சொல் மறுநாள் பத்திரிகையில் வருமென்றால் அவர்கள் வாயைத் திறப்பார்களா? இங்கிலாந்திலும் வேல்சிலும் 1952 முதல் தாய்மாரின் மரணங்களைப் பற்றிய விசாரணையை இரகசியமாகவே நடத்தினார்கள். ஆனால் அறிந்த பாடங்களை, பெயர்களை நீக்கி, நூலாக அச்சிட்டு நாடறியச் செய்தார்கள். கேட்பது அறைக்குள்ளே, கற்றது வீதியிலே. இதுவே நல்ல ஒழுங்கு.

இரகசியம் யாருக்குப் போர்வை?

ஆயினும் இதே இரகசியம் தவறான கைகளில் வேறொன்றாகிவிடும். 1995இல் நியூயோர்க் நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தாயின் கொடுமையால் மாண்டாள். அவள் ஆபத்தில் இருப்பதாக அதிகாரிகளுக்கு முன்னரே முறைப்பாடுகள் கிடைத்திருந்தன. என்ன செய்தீர்கள் என்று மக்கள் கேட்டபோது, குழந்தையின் இரகசியத்தைச் சட்டம் காக்கிறது, ஆகவே பேச முடியாது என்று பதில் வந்தது. குழந்தையோ கல்லறையில்! அந்தச் சட்டம் காத்தது யாரை? மக்கள் கொதித்தெழுந்தனர். 1996இல் சட்டம் திருத்தப்பட்டது. இங்கிலாந்திலும் கொடுமையால் இறந்த பிள்ளைகளைப் பற்றிய மீளாய்வுகளின் சுருக்கம் மட்டுமே நெடுங்காலம் வெளிவந்தது. 2010 ஜூன் முதல், ஆளை அடையாளங் காட்டும் விபரங்களை நீக்கி முழு அறிக்கையையும் வெளியிட வேண்டுமென அரசாங்கம் பணித்தது.

இப்பாடத்தை நமது திருச்சபையும் கண்ணீரோடு கற்றது. சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்ற வழக்குகளில் ‘பாப்பிறை இரகசியம்’ இனி இல்லையென்று பாப்பரசர் பிரான்சிஸ் 2019 டிசம்பர் 17இல் அறிவித்தார். அதே கட்டளையில், சம்பந்தப்பட்டோரின் நற்பெயரும் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டுமென்றும் சொல்லப்பட்டது. ஆனால் அந்தக் காப்பு நாட்டுச் சட்டம் விதிக்கும் கடமைக்குத் தடையாக நிற்கலாகாது. பாவசங்கீர்த்தன இரகசியம் வேறு, அது மாறவில்லை.

சிற்றூரின் சங்கடம்

பெயரை எடுத்துவிட்டால் போதுமா? நமது ஊர்களில் போதாது. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின் கல்முனை வைத்தியசாலைக்கு ஒரு கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. பெயர் தெரியாததால் 81 என்ற இலக்கத்தால் அழைத்தார்கள். மரபணுப் பரிசோதனையின் பின் 2005 பெப்ரவரியில் பெற்றோரிடம் ஒப்படைக்கப்படும் முன்னரே அந்த இலக்கம் உலகப் பத்திரிகைகளில் பெயராகிவிட்டது. மருதமுனையிலோ பாண்டிருப்பிலோ “ஐந்து வயது, சென்ற மாதம், இன்ன பாடசாலை” என்று எழுதினால், பெயர் எழுதாமலே எல்லோருக்கும் வீடு தெரிந்துவிடும். ஆகவே பாடங்களை வெளியிடுவோர் ஊரையும் நாளையும் தனித்தனியே காட்டாது, பல மரணங்களைச் சேர்த்து மாவட்ட அளவில் எழுதுவது நன்று.

நமக்குள்ள உரிமை

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இரு பக்கத்தையும் கருத்திற் கொள்கிறது. ஒருவருடைய மருத்துவப் பதிவேட்டையும் தனிப்பட்ட விபரத்தையும் அது காக்கிறது. பொது நலன் மேலோங்கும் இடத்தில் தகவலைத் தரவும் வழிவிடுகிறது. எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளையின் வைத்தியக் கோவையைக் கேட்காதீர்கள். “சென்ற ஆண்டு இம்மாவட்டத்தில் எத்தனை சிசு மரணங்கள் ஆராயப்பட்டன? என்ன பரிந்துரைகள் செய்யப்பட்டன? அவற்றுள் எவை நிறைவேறின?” என்று கேளுங்கள். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். சிறுவர் ஒருவர் ஆபத்தில் இருப்பதாக அறிந்தால், மரணம் வரை காத்திராது 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவியுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. இறந்த பிள்ளையின் படத்தைப் பிறருக்கு அனுப்பும் முன், அந்தத் தாயின் முகத்தை நினைத்தோமா?

2. நமது பாடசாலை, மறைக்கல்வி வகுப்பு, விடுதி ஆகியவற்றில் ஒரு விபத்து நேர்ந்தால், பெயரைக் காக்கப் பார்ப்போமா, பிள்ளைகளைக் காக்கப் பார்ப்போமா?

3. அடுத்த மாரிக்கு முன், மாவடிப்பள்ளி கற்பித்ததில் எதையேனும் நமது ஊரில் செய்து முடித்தோமா?

மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பதே பதிலானால், வருகிற பங்குச் சபைக் கூட்டத்தில் அதை முதல் விடயமாக எடுங்கள். அயலிலுள்ள பள்ளிவாசல், கோவில் நிருவாகத்தினரையும் அழைத்துப் பேசுங்கள். வெள்ளம் வீதியைக் கடக்கும்போது யாருடைய பிள்ளை என்று கேட்பதில்லை.