எளியோர்க்கும் எட்டிய வானம்

நுழையும்முன்

விலை குறைந்தால் தரமும் குறையும் என்பது பலரின் எண்ணம். ஒரு சேவைக்கு ஆகும் செலவுகளுள் தேவையானது எது, வீணானது எது என்று பிரித்தறிந்தால், இன்றியமையாதவற்றை இழக்காமலே விலையைக் குறைக்க முடியும். அரசு நிறுவனங்களே கோலோச்சிய சீன வான்வெளியில், சுற்றுலா முகவாண்மை ஒன்று விமான நிறுவனமாக உயர்ந்த வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. சிக்கனம் எங்கே தொடங்க வேண்டும், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதை அவ்வரலாற்றின் வழியே சிந்திப்போம்.

பூங்கா அருகே ஒரு சிறுகடை

சீனா 1978 இல் பொருளாதாரச் சீர்திருத்தங்களைத் தொடங்கியது. அதுவரை தொழில்களும் வேலைவாய்ப்புகளும் பெரும்பாலும் அரசின் கையிலேயே இருந்தன. அக்காலத்தில் ஷாங்காய் நகரின் வட்டார நிர்வாகத்தில் அலுவலராகப் பணியாற்றியவர் வாங் செங்ஹுவா. அவர் 1981 இல் சோங்ஷான் பூங்கா அருகே, ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் அளவே கொண்ட தகரக் கொட்டகையில் பயண முகவாண்மை ஒன்றைத் தொடங்கினார். பின்னர், நிலையான வருவாய் தந்த அரசுப் பணியைத் துறந்து அத்தொழிலையே முழுநேரப் பணியாக ஏற்றார்.

சீனத்தின் பெரிய பயண நிறுவனங்கள் அந்நாளில் வெளிநாட்டுப் பயணிகளையும் அலுவலகக் குழுக்களையுமே நாடின. வாங், தனியாகவும் குடும்பமாகவும் ஊர்சுற்றிப் பார்க்க விரும்பும் உள்நாட்டு மக்களைத் தம் வாடிக்கையாளராகக் கொண்டார். ஒருவரிடம் கிடைக்கும் வருவாய் சிறிது. வருவோர் தொகையோ பெரிது. சிறுதுளி பெருவெள்ளமாயிற்று. 1990களின் நடுப்பகுதிக்குள் அவருடைய நிறுவனம் சீனத்தின் உள்நாட்டுச் சுற்றுலாவில் முதலிடம் பெற்றது.

பயணிகள் முன்னே, விமானம் பின்னே

சுற்றுலா செல்வோரை அனுப்பிவைக்க விமான இருக்கைகள் தேவைப்பட்டன. எனவே, 1997 முதல் அந்நிறுவனம் பிற நிறுவனங்களின் விமானங்களை முழுமையாக வாடகைக்கு எடுத்து இயக்கத் தொடங்கியது. வாடகைக்கு எடுத்த விமானத்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தாலும் இழப்பு தன்னுடையதே. ஆகவே, எல்லா இருக்கைகளையும் நிரப்பியே தீரவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. நாடெங்கும் பரவியிருந்த முகவர்கள் அதற்குத் துணைநின்றனர்.

விமானத்தை வாங்கிவிட்டுப் பயணிகளைத் தேடுவதே அத்தொழிலின் வழக்கம். வாங் முதலில் பயணிகளைத் திரட்டினார். அவர்களை ஏற்றிச் செல்லும் கலையைப் பழகினார். விமானத்தை இறுதியில் பெற்றார். ஆழம் அறிந்து காலை விட்ட இந்த ஒழுங்குமுறையே பின்னாளைய வளர்ச்சிக்கு அடித்தளமாயிற்று.

திறந்த கதவு

சீன அரசு 2002 இல் தன் விமான நிறுவனங்களை ஒருங்கிணைத்து ஏர் சைனா, சைனா ஈஸ்டர்ன், சைனா சதர்ன் ஆகியவற்றைத் தலைமையாகக் கொண்ட மூன்று பெருங்குழுமங்களாக அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் தனியாரும் இத்துறையில் நுழைய வழி பிறந்தது. 2004 இல் வாங்கின் திட்டத்துக்கு இசைவு கிடைத்தது. ‘ஸ்பிரிங் ஏர்லைன்ஸ்’ உருவாயிற்று.

2005 ஜூலை 18 அன்று, குத்தகைக்குப் பெற்ற ஏர்பஸ் ஏ320 விமானம் ஷாங்காயிலிருந்து ஷாண்டோங் மாநிலத்தின் கடற்கரை நகரான யான்தாய்க்குப் பறந்தது. அதுவே அந்நிறுவனத்தின் முதல் பயணம். தொடக்கக் கட்டணம் 199 யுவான். அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்த பலர், அதில் ஏறிப் பார்க்கலாம் என்று எண்ணத்தக்க விலையாக அது இருந்தது.

தெரியுமா?
இந்நிறுவனத்தின் சீனப் பெயர் ‘சுன்சியூ’. ‘சுன்’ என்பது வசந்தத்தையும் ‘சியூ’ என்பது இலையுதிர்காலத்தையும் குறிக்கும். இரு பருவப் பெயர்களும் இணைந்த இச்சொல், சீன வரலாற்றின் பழங்காலப் பகுதி ஒன்றுக்கும் பெயராக வழங்குகிறது. ஆங்கிலப் பெயரில் வசந்தம் மட்டுமே இடம்பெற்றுள்ளது.

குறைந்த கட்டணத்தின் கணக்கு

குறைந்த கட்டண விமானப் பயணம் சீனத்தில் பிறந்த கருத்தன்று. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1971 இல் பறக்கத் தொடங்கி இம்முறைக்கு வழிகாட்டியது. ஸ்பிரிங் நிறுவனம் அம்முறையைத் தன் நாட்டுச் சூழலுக்கேற்ப ஆறு கொள்கைகளாக வகுத்துக்கொண்டது.

முதலாவது, ஒரே வகை விமானம். ஏ320 குடும்ப விமானங்களை மட்டுமே பயன்படுத்தியதால் விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் ஒரேவகைப் பயிற்சி போதுமானதாயிற்று. உதிரிபாகங்களையும் பலவகையாகச் சேமித்துவைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரே வகுப்பு. உயர்வகுப்பு இருக்கைகளை நீக்கியதால், பிற நிறுவனங்கள் ஏறத்தாழ 150 இருக்கைகள் அமைத்த அதே விமானத்தில் 180 இருக்கைகளை அமைக்க முடிந்தது.

மூன்றாவது, இருக்கைகளை நிரப்புதல். நான்காவது, விமானத்தை ஓய்வின்றிப் பயன்படுத்துதல். தரையில் நிற்கும் விமானத்துக்கும் குத்தகைத் தொகை உண்டு. பறக்கும்போதுதான் வருவாய் உண்டு. எனவே, அதிகாலையிலும் பின்னிரவிலும்கூட விமானங்கள் இயக்கப்பட்டன.

ஐந்தாவது, விற்பனைச் செலவைக் குறைத்தல். சீன விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ‘டிராவல்ஸ்கை’ என்னும் அரசுசார் வலையமைப்பின் வழியே பயணச்சீட்டுகளை விற்றன. ஸ்பிரிங் தனக்கெனக் கணினி அமைப்பொன்றை உருவாக்கி, இணையத்தின் வழியே பயணிகளுக்கு நேரடியாக விற்றது. இதனால் இடைத்தரகுக் கட்டணம் மிச்சமாயிற்று. ஆறாவது, நிருவாகச் செலவைக் குறைத்தல். நிறுவனத் தலைவரே சிறிய அலுவலக அறையில் பணியாற்றிச் சிக்கனத்துக்கு முன்மாதிரியானார்.

இக்கொள்கைகளின் பயனை ஒரு கற்பனைக் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒருமுறை பறக்க 90,000 யுவான் செலவாகிறது எனக் கொள்வோம். 150 இருக்கைகளில் 120 நிரம்பினால் ஒருவருக்கு ஆகும் செலவு 750 யுவான். 180 இருக்கைகளில் 171 நிரம்பினால் அதே செலவு ஏறத்தாழ 526 யுவானாகக் குறைகிறது. இயந்திரமும் எரிபொருளும் விமானியும் மாறவில்லை. இருக்கைகள் கூடியதும் காலியிடங்கள் குறைந்ததுமே கட்டணம் குறையக் காரணம்.

பயணத்தின்போது இலவச உணவு இல்லை. வேண்டுவோர் விலைகொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இலவசமாக ஏற்றிச்செல்லும் சுமையின் அளவும் குறைவு. உண்ணாதவரும் சுமையில்லாதவரும் பிறரது உணவுக்கும் சுமைக்கும் சேர்த்துப் பணம் செலுத்த வேண்டியதில்லை என்பதே இதன் அடிப்படை.

ஒரு யுவான் பயணச்சீட்டு

விலையைக் குறைப்பதற்கும் அந்நாளில் தடை இருந்தது. 2004 ஆம் ஆண்டின் விதிப்படி, ஒவ்வொரு தடத்துக்கும் உரிய அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் 25 விழுக்காடு வரை கூட்டலாம். கீழே 45 விழுக்காடு வரை குறைக்கலாம். அடிப்படைக் கட்டணம் 1,000 யுவான் எனில், 550 யுவானுக்குக் கீழே விற்கக் கூடாது.

2006 இல் ஷாங்காய் – ஜீனான் தடத்தில் ஸ்பிரிங் நிறுவனம் சில இருக்கைகளை ஒரு யுவானுக்கு விற்பனை செய்வதாக அறிவித்தது. ஜீனான் நகர விலைக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இதனை விதிமீறல் எனக் கருதி நடவடிக்கையில் இறங்கினர். விற்பவர் மலிவாக விற்க விரும்புகிறார். வாங்குபவர் மகிழ்வோடு வாங்குகிறார். இடையே சட்டம் ஏன் தடுக்கிறது என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. அடக்கவிலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை வீழ்த்திவிட்டுப் பின்னர் விலையை ஏற்றும் சூழ்ச்சியைத் தடுக்கவே இத்தகைய விதிகள் தேவை என்பது மறுதரப்பு வாதம். இரண்டிலும் பொருள் உண்டு. பின்வந்த ஆண்டுகளில் சீன அரசு கட்டணக் கட்டுப்பாடுகளைப் படிப்படியாகத் தளர்த்தியது.

பக்கவாயில் வழியே

பெரிய விமான நிலையங்களில் நல்ல நேரங்கள் அரசு நிறுவனங்களின் கையில் இருந்தன. தலைநகர் பெய்ஜிங்கில் புதியவர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. ஸ்பிரிங் நிறுவனம் அதற்கு வேறு வழி கண்டது. பெய்ஜிங்கிற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஷிஜியாஜுவாங் நகரைத் தன் தளங்களுள் ஒன்றாக்கியது. அங்குள்ள விமான நிலையத்தின் அருகிலேயே அதிவேகத் தொடர்வண்டி நிலையமும் அமைந்தது. பயணிகள் விமானத்தில் வந்து இறங்கி, தொடர்வண்டியில் தலைநகரை அடைந்தனர். விமானத்துக்குப் போட்டியாகக் கருதப்பட்ட தொடர்வண்டியே இங்குத் துணையாயிற்று. கூட்டம் இல்லாதிருந்த விமான நிலையமும் உயிர்பெற்றது.

வெளிநாட்டிலும் இம்முறையே பின்பற்றப்பட்டது. 2010 ஜூலையில் தொடங்கிய முதல் பன்னாட்டுச் சேவை, டோக்கியோவின் பெரிய நிலையங்களுக்குச் செல்லாமல், அந்நகருக்கு வடகிழக்கே உள்ள இபராக்கிக்குச் சென்றது. 2012 இல் ஜப்பானில் துணை நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டு, 2014 இல் நரிட்டாவிலிருந்து பறக்கலாயிற்று. 2021 இல் அது ஜப்பான் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமானது.

நிலைத்தலின் அருமை

தனியார்க்குக் கதவு திறந்தபோது நுழைந்தோர் அனைவரும் நிலைத்துவிடவில்லை. வூஹான் நகரைத் தளமாகக் கொண்டு 2006 இல் பறக்கத் தொடங்கிய ஈஸ்ட் ஸ்டார் நிறுவனம், 2009 இல் கடன்சுமை தாங்காமல் வீழ்ந்தது. ஸ்பிரிங் நிறுவனமோ 2015 ஜனவரியில் ஷாங்காய்ப் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. 2017 இல் வாங் செங்ஹுவா தலைமைப் பொறுப்பிலிருந்து விலக, அவருடைய மகன் வாங் யூ பொறுப்பேற்றார்.

கொரோனாப் பெருந்தொற்று இந்நிறுவனத்தையும் விட்டுவைக்கவில்லை. 2022 இல் மட்டும் 300 கோடி யுவானுக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. ஆயினும், 2023 இல் 220 கோடி யுவானுக்கு மேல் ஆதாயம் ஈட்டியது. அவ்வாண்டில் மூன்று பெரிய அரசு நிறுவனங்களும் இழப்பையே சந்தித்தன. அப்போது ஸ்பிரிங் நிறுவனத்திடம் 120 விமானங்களுக்கு மேல் இருந்தன.

இவ்வெற்றிக்குச் சிக்கனம் மட்டுமே காரணம் எனல் முழு உண்மையாகாது. தங்கள் ஊருக்கு விமானச் சேவை வேண்டுமென விரும்பிய உள்ளூர் அரசுகளும் விமான நிலையங்களும் மானியம் வழங்கின. பல ஆண்டுகளில் அம்மானியம் நிறுவனத்தின் வருவாய்க்குக் குறிப்பிடத்தக்க வலுச்சேர்த்தது. ஆகவே, பயணி செலுத்தும் சிறு கட்டணத்துக்குப் பின்னால் பொதுமக்களின் வரிப்பணமும் ஓரளவு இருந்தது என்பதை மறக்கலாகாது.

சிக்கனத்தின் எல்லை

எதைக் குறைக்கலாம் என்று அறிவது தொழில்திறன். எதைக் குறைக்கக் கூடாது என்று அறிவது அறம். உணவையும் உயர்வகுப்பையும் குறைக்கலாம். விமானப் பராமரிப்பையும் விமானியின் ஓய்வையும் குறைக்கலாகாது. பேருந்தில் போல நின்றுகொண்டு பறக்கும் வசதி குறித்து 2009 இல் வாங் கருத்துரைத்தபோது அது பெரும் பேச்சாயிற்று. ஆனால், நடைமுறைக்கு வரவில்லை. பயணி ஒவ்வொருவரும் வார்ப்பட்டை அணிந்து அமர்ந்திருப்பது உயிர்க்காப்புத் தேவையாகும். கட்டணத்தைக் காட்டி அதைக் கைவிட முடியாது.

மற்றோர் எல்லை மனித மதிப்பு. விமானம் தாமதமானதற்கு இழப்பீடு கேட்டுப் போராடிய பயணிகள் சிலரை இந்நிறுவனம் தனிப்பட்டியலில் சேர்த்து, அவர்களுக்குப் பயணச்சீட்டு வழங்க மறுத்தது. ‘தாமதத்துக்கு இழப்பீடு இல்லை என்பதை முன்னரே அறிவித்துள்ளோம், குறைந்த கட்டணத்தின் நிபந்தனை அது’ என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. குறைவாகப் பணம் செலுத்தியவர் முறையிடும் உரிமையையும் இழந்துவிடுகிறாரா என்பது பயணிகள் பக்கத்து வினா. இலவச உணவைத் துறக்க ஒப்புக்கொண்டவர் மதிப்பையும் துறக்க ஒப்புக்கொண்டதாகக் கொள்ள முடியாது.

இரண்டு சதுர மீட்டர் இடத்தில் தொடங்கிய முயற்சி, பல கோடி மக்களை முதன்முறையாக விமானம் ஏறச் செய்த பெருமுயற்சிகளுள் ஒன்றாக வளர்ந்தது. வீண்செலவை நீக்கியதால் அவ்வளர்ச்சி வாய்த்தது. எளியோர்க்கு இடமளிக்கும் ஒவ்வொரு தொழிலும், அவர்களுக்குரிய பாதுகாப்பையும் மதிப்பையும் சேர்த்தே வழங்கும்போது முழுமை பெறுகிறது.

சொற்பொருள்
முகவாண்மை – பிறருக்காகப் பணிகளை ஏற்பாடு செய்து தரும் நிறுவனம்
தடம் – இரு ஊர்களுக்கு இடையிலான விமான வழி
அடக்கவிலை – ஒரு பொருளையோ சேவையையோ உருவாக்க ஆகும் மொத்தச் செலவு
ஆதாயம் – வரவில் செலவு போக எஞ்சுவது

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊரில் இயங்கும் பேருந்து ஒன்றின் அன்றாடச் செலவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் குறைக்கத்தக்கவை, குறைக்கத்தகாதவை எனப் பிரித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. ‘விலைக்குக் கீழ்வரம்பு தேவை’, ‘தேவையில்லை’ என இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. ஒரே வகை விமானத்தைப் பயன்படுத்துவதால் விளையும் நன்மைகள் இரண்டனைக் குறிப்பிடுக.
2. ‘சுன்சியூ’ – பெயர்ப்பொருள் தருக.

சிறுவினா
1. ஷிஜியாஜுவாங் நகரைத் தளமாக்கியதன் காரணத்தையும் பயனையும் விளக்குக.
2. ஒரு யுவான் பயணச்சீட்டு குறித்து எழுந்த இருதரப்பு வாதங்களைத் தொகுத்துரைக்க.

நெடுவினா
‘எதைக் குறைக்கலாம் என்று அறிவது தொழில்திறன், எதைக் குறைக்கக் கூடாது என்று அறிவது அறம்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளோடு நிறுவுக.