சில இணையத்தளங்கள் மட்டும் திறக்கவில்லையா?

2025 நவம்பர் டித்வா புயலின் பின் மாத்தளையில் வீடு திரும்பியோரே, மாதக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த கணினியில் சில தளங்கள் திறந்து, வங்கித் தளம் மட்டும் "பாதுகாப்பற்றது" என்று மறுக்கிறதா? (நனைந்த கணினியானால் நன்கு காயும் வரை இயக்கவே வேண்டாம்.) இணைப்பைக் குறை சொல்ல முன்னர் திரை மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள்.

பாதுகாப்பான தளங்கள் காலவரையுள்ள சான்றிதழைக் காட்டும். கணினியின் திகதி பின்தங்கியிருந்தால் அது செல்லாததாகத் தெரியும். திகதியைத் திருத்துங்கள். அணைத்துப் போட்டதும் மீண்டும் பிழைத்தால், உள்ளேயுள்ள நாணயம் போன்ற பற்றரி இறங்கிவிட்டது. பெரும்பாலும் சீ.ஆர். 2032; விலை மலிவு. இதற்காகப் புதுக் கணினி வாங்கச் சொல்பவரை நம்பாதீர்கள்.

திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அதைத் தாண்டிச் சென்று அடையாள அட்டை இலக்கத்தையோ கடவுச்சொல்லையோ கொடுக்க வேண்டாம்.