காய்ச்சலோடு ஒரு கறுப்புப் பொருக்கு: உண்ணிக்காய்ச்சல் பற்றி அறிந்துகொள்வோம்



காய்ச்சல் என்றால் நம்ம லயங்களில் முதலில் நினைப்பது டெங்கு, அடுத்தது எலிக்காய்ச்சல். மலையிலும் புல்லுக்காட்டிலும் வேலை செய்கிறவர்கள் இன்னொரு காய்ச்சலையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதுதான் உண்ணிக்காய்ச்சல். நேரத்துக்குச் சரியான மருந்து கிடைத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

எப்படி வருகிறது?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாய், மாடு, காட்டு மிருகங்களில் ஒட்டியிருக்கும் உண்ணி கடித்து வருவது. மற்றது, புல்லிலும் பற்றையிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. இந்தக் குஞ்சு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. எலியின் உடம்பில் ஒட்டி வாழும். நாம் அந்தப் புல்லில் உட்கார்ந்தால் நம்மேலும் ஏறிவிடும். கடித்தால் வலியும் தெரியாது.

பிள்ளைகளே, உண்ணி பூச்சி இனம் அல்ல, சிலந்திக்குச் சொந்தம். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். குஞ்சுக்கு மட்டும் ஆறு.

இது நம் நாட்டுக்குப் புதிய நோய் இல்லை. இரண்டாம் உலகப்போர் காலத்தில், 1944 இல், எம்பிலிப்பிட்டியப் பக்கத்துக் காட்டில் இருந்த படைவீரர்கள் பலரை இந்தச் சிற்றுண்ணிக் காய்ச்சல் படுக்க வைத்தது. பின்னாளில் நடந்த ஆய்வுகளில், கண்டி போன்ற மலைநாட்டுப் பகுதிகளில் பெரிய உண்ணியால் வரும் வகையும், மேல் மாகாணத்திலும் யாழ்ப்பாணத்திலும் சிற்றுண்ணி வகையும் கூடுதலாகக் காணப்பட்டன.

அடையாளங்கள் என்ன?

கடித்து ஏறக்குறைய ஒன்று தொடக்கம் மூன்று கிழமைக்குள் கடும் காய்ச்சல், தலையிடி, உடம்புவலி வரும். சிலருக்குச் சிவப்புப் புள்ளிகள் எழும்பும். உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரலாம். கடித்த இடத்தில் பீடி சுட்ட புண் மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அது வலிக்காது. ஆகவே இருப்பதே தெரியாது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால் தேடிப் பாருங்கள். எல்லோருக்கும் பொருக்கு வராது. அது இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

"இன்னைக்குப் போனா பேர் போயிருமே, பெனடோல் போட்டுப் பார்ப்போம்" என்று நாள் கடத்துகிறோம். பெனடோல் சூட்டைத்தான் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. காய்ச்சல் இரண்டு நாள் நின்றால் டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய் இவற்றைச் சொல்லுங்கள்:

1. எத்தனை நாள் காய்ச்சல்.
2. கடந்த மூன்று கிழமையில் எங்கே வேலை செய்தீர்கள்: புல்லு வெட்டினீர்களா, விறகுக்குப் போனீர்களா, மாடு பார்த்தீர்களா.
3. பொருக்கோ புள்ளியோ இருந்தால் அதைக் காட்டுங்கள்.

அக்கா தங்கச்சிமாரே, மறைவான இடத்தில் இருக்கிறது என்று வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஐயாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். அந்தச் சின்னப் பொருக்கைக் கண்டாலே வைத்தியருக்கு வழி தெரிந்துவிடும். சாதாரணமாகக் கொடுக்கும் பல கிருமிநாசினி மருந்துகள் இதற்கு வேலை செய்யாது. டொக்சிசைக்கிளின் போன்ற மருந்துதான் கேட்கும். கர்ப்பிணி என்றால் முதலிலேயே சொல்லுங்கள், வேறு மருந்து தருவார்கள். கடையில் வாங்கி நீங்களாகப் போட வேண்டாம். காய்ச்சல் விட்டாலும் தந்த குளிசையை முடிக்க வேண்டும்.

மூச்சு இழுத்தால், பிதற்றினால், சிறுநீர் குறைந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வராமல் காக்க

• பற்றை, புல்லு வெட்டும்போது கால், கை மூடிய உடுப்பு போடுங்கள்.
• தேத்தண்ணி நேரத்தில் வெறும் புல்லில் உட்காராமல் படங்கை விரித்து உட்காருங்கள்.
• துணியைச் செடியின்மேல் காயப்போடாமல் கொடியில் போடுங்கள்.
• வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, வேலை உடுப்பைத் துவைத்துவிடுங்கள்.
• லயத்தைச் சுற்றி புல்லு வளர விடாதீர்கள். குப்பை சேர்ந்தால் எலி வரும்; எலியோடு சிற்றுண்ணியும் வரும்.
• நாய், மாட்டில் உண்ணி இருந்தால் மிருக வைத்தியரிடம் மருந்து கேளுங்கள்.
• உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் நெருப்பால் சுடவோ மண்ணெண்ணெய் பூசவோ வேண்டாம். சின்னக் குறட்டால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து எடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இது ஆளுக்கு ஆள் தொற்றும் நோய் அல்ல. காய்ச்சல்காரரை ஒதுக்க வேண்டியதில்லை. பக்கத்துக் காம்பராவில் யாராவது காய்ச்சலோடு படுத்திருந்தால் இதை வாசித்துக் காட்டி, கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் பேரை நாளைக்கும் எடுக்கலாம். போன உயிரை எடுக்க முடியாது.